எலி டாக்டரின் நீலக் கோதுமை

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குத்துக்காலிட்டு, பல் குத்தும் குச்சியால் ஒரு கறுப்பு உருண்டையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் டீ ஆறுகிறது. உருண்டை, கூகை ஆந்தை விழுங்கி, செரிக்காமல் கக்கிய மிச்சம்: மயிரும் எலும்பும். உள்ளிருந்து ஒரு குட்டி மண்டையோடு வெளிவந்ததும், பெற்ற பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியதுபோல் முகம் மலர்கிறது. அதே விரல்களால் டீயை எடுக்கிறார். இதற்காகவே வீட்டில் அவருக்குத் தனித் தம்ளர்.

குடியிருப்பில் அவருக்கு எலி டாக்டர் என்று பெயர். நோயாளி பிழைத்தால் திட்டு வாங்கும் ஒரே டாக்டர். மூலைக்கு மூலை பூட்டிய பெட்டிகளில், நீலச் சாயமேற்றிய விஷக் கோதுமை வைப்பது தொழில். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் சமையலறைச் சாக்கடையைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

லிஃப்ட் அறைக்கு மேலே ஒரு கூகை ஜோடி குடிவந்தபோது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எலியெல்லாம் அதுங்க தின்னுட்டா நான் என்னத்தப் பண்றது? போட்டிக் கடை போட்டிருக்குதுங்க" என்று மனைவியிடம் புலம்பினார். விரட்ட வழிகூடத் தேடினார்.

ஒரு நாள் காலை, ஆண் கூகை தொட்டிக்கு அடியில் இறக்கை விரித்துக் கிடந்தது. அலகில் பாதி விழுங்கிய எலி. எலியின் வாயோரம் நீலம். மருந்து தின்ற எலி தள்ளாடும். தள்ளாடும் எலி சுலபமாகச் சிக்கும். செத்துப்போகும் எலி யார் வயிற்றுக்குப் போகிறது என்று இத்தனை வருடத் தொழிலில் அவர் யோசித்ததே இல்லை. மேலே குஞ்சுகள் பசியில் சீறிக்கொண்டிருந்தன.

மறுநாளே தொழிலைத் தலைகீழாக்கினார். பொந்துகளைச் சிமெண்டால் அடைத்தார், குழாய் வாய்களுக்குக் கம்பிவலை கட்டினார். ஆனால் பெட்டி காலியாக இருந்தால் குடியிருப்புச் சங்கச் செயலாளர் அம்மாள் ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவார். அடுத்து வருகிறவன் பழையபடி விஷம் வைப்பான். எனவே வெறும் கோதுமையில் கேக்குக்குப் போடும் நீலப் பொடியைப் பிசைந்து நிரப்பினார். எலிக்கு விருந்து வைக்கும் எலி டாக்டர்!

பிசைந்து தருவது மனைவி. கூகைக் கூட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும் அவரிடம், "என்னை ஒரு நாளாச்சும் இப்படி அண்ணாந்து பாத்திருப்பீங்களா?" என்பார்.

"நீ எலி பிடிச்சா பாக்குறேன்" என்பார் இவர்.

எலிகள் குறைந்தன. கூகைக் குஞ்சுகள் கொழுத்தன. தன் கார்மீது விழும் எச்சத்தைத் திட்டித் தீர்த்த செயலாளர் அம்மாள், மருந்தை மட்டும் மெச்சினார். எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். சொந்தக் கலவை என்று சொல்லி டாக்டர் நழுவினார். அது பொய்யும் இல்லை.

இன்றும் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தபோது கீழேயிருந்து அலறல் கேட்டது. இறங்கி ஓடினார். படிக்கட்டு ஓரத்தில் செயலாளர் அம்மாள் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய நாய், மூக்கெல்லாம் நீலம். பக்கத்தில் கடித்து உடைத்த பெட்டி. கூட்டத்தில் ஒருவர் உப்புத்தண்ணீர் புகட்டச் சொன்னார், ஒருவர் கூடாது என்றார், இன்னொருவர் காரை எடுக்க ஓடியிருந்தார். நாய்க்கு மட்டும் கூட்டம் பிடித்திருந்தது, வாலை ஆட்டியது.

"எவ்வளவு நேரம் தாங்கும்? மறைக்காம சொல்லுங்க டாக்டர்."

ஊரே கேலியாகச் சொல்லும் பட்டத்தை ஒருவர் கேலியில்லாமல் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல்முறை.

"ஒண்ணும் ஆகாது மேடம்."

"சும்மா ஆறுதல் சொல்லாதீங்க. தொட்டாலே கை கழுவணும்னு போர்டு எழுதி மாட்டினது நீங்கதானே?"

டாக்டர் ஒரு முறை மாடிப் பக்கம் பார்த்தார். பிறகு நாயை இறுக்கிப் பிடித்திருந்த அந்த அம்மாளின் கைகளைப் பார்த்தார். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உடைந்த பெட்டியிலிருந்து ஒரு பிடி நீலக் கோதுமையை அள்ளி வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க, நிதானமாக மெல்லத் தொடங்கினார்.