பன்னிரண்டரை வண்டி

நகராட்சிக் குப்பை நிலையத்தில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தொட்டி டாக்டர் என்றால்தான் தெரியும். ஊரில் மிஞ்சிய சாப்பாட்டையெல்லாம் அரைத்து, காற்றுப் புகாத பெரிய தொட்டியில் விட்டு, அது தரும் வாயுவில் மின்சாரம் எடுப்பது அவர் பொறுப்பு. பதினாறு வருஷமாக அந்தத் தொட்டியின் வயிற்றைத்தான் பார்த்து வந்தார். எலுமிச்சைத் தோல் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டால், இன்றைக்கு அதற்கு அஜீரணம் என்பார். எனக்குக் காய்ச்சல் அடித்தால் திரும்பிப் பார்க்காத மனுஷன், தொட்டி ஏப்பம் விட்டால் செருப்புகூடப் போடாமல் ஓடுகிறார் என்று மனைவி வாய் ஓயாமல் புலம்புவாள். புலம்பாமல் என்ன செய்வாள்?

அவருக்கு ஒரே அண்ணன். அப்பா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர்; தனக்கென்று ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் பேச்சும் போயின. வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வேறு வழியில்லாமல் நிலையத்துக்கு அருகிலிருந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஞாயிறு மாலை நாலு முதல் ஐந்து வரை போய்ப் பார்க்கலாம். டாக்டர் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை.

நாலு மாதமாக அண்ணன் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டை ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. வயசானால் அப்படித்தான் என்றார் இல்லத்து மேற்பார்வையாளர் அம்மா. இவரும் தலையாட்டிவிட்டு வந்தார். வாயுவின் அளவைக் காட்டும் முள் ஒரு கோடு இறங்கினால் ஊரைக் கூட்டுகிற மனுஷன், அண்ணன் பாதியாகிப் போனதற்கு அந்த ஒரு பதிலை நம்பிவிட்டார். சொல்லவே எனக்கு வயிறு எரிகிறது.

அதே நாலு மாதத்தில்தான் அந்த இல்லத்துக் கழிவு அவருக்குச் செல்லமாகிப்போனது. முன்பெல்லாம் குப்பை வண்டி மதியம் இரண்டு மணிக்குப் போகும். வெயிலில் எல்லாம் ஊசிப்போய் வரும், வாயு குறையும். அதைப் பன்னிரண்டரையாக மாற்றியவர் இவர்தான். மாற்றிய பிறகு இரண்டு வாளி ஐந்து வாளியானது. காகிதமில்லை, எலும்பில்லை, ரொட்டியெல்லாம் முழுசு முழுசாக. வசதியான இடம், தாராளமாகச் சமைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வாயு முள் மேலேறியது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த இல்லத்தைப் பற்றியே பேசினார். கடைசியில், குப்பையைச் சிறப்பாகப் பிரித்துத் தரும் இடம் என்று அதற்கு ஒரு பாராட்டுப் பலகையும் வாங்கிவிட்டார்.

பலகையைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வண்டியிலேயே ஏறிப் போனார். போனபோது மணி பன்னிரண்டே கால், வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் முன்னதாகவே.

சாப்பாட்டுக் கூடத்தில் முப்பத்திரண்டு பேர். பார்த்துக்கொள்ள இரண்டே இரண்டு பணிப்பெண்கள். அவர்கள் மேசை மேசையாகப் போய், தட்டை எடுத்து, வாளியில் தட்டிக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலும் கை படாத தட்டுகள். கடைசி மேசையில் அண்ணன் இடது கையால் கரண்டியைப் பிடித்திருந்தார். கை உதறியது. வேகவைத்த கேரட் துண்டு ஒன்று வாய்வரை போய்ச் சட்டைமேல் விழுந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் விழுந்தது. மூன்றாவதை எடுக்கக் குனிந்தபோது பணிப்பெண் தட்டைத் தூக்கினாள். அண்ணனின் பார்வை தட்டோடு போயிற்று.

டாக்டர் ஓடிப்போய்த் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா பண்றீங்க? அவர் இன்னும் ஒரு வாய்கூட சாப்பிடலையே."

அவள் கோபப்படவில்லை. களைத்துப்போயிருந்தாள்.

"நாங்க என்ன சார் பண்றது? முன்னெல்லாம் ஒண்ணரை வரைக்கும் உக்காந்து ஊட்டுவோம். இப்போ பன்னிரண்டரைக்கு வண்டி வந்து நிக்குது. வாளி ரெடியா இல்லேன்னா எடுக்காம போயிடுவோம்னு லெட்டர் போட்டிருக்காங்க. குப்பை தங்கிப்போனா எங்க வேலை போயிடும்."

சுவரைக் காட்டினாள். கடிதம் ஒட்டியிருந்தது. கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. அதை எழுதியபோது எவ்வளவு யோசித்தார்! எத்தனை மணிக்கு எடுத்தால் புளிக்காது, எவ்வளவு வாயு கூடும் என்று ஒரு வாரம் கணக்குப் போட்டார். அங்கே எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பாவி, அண்ணனின் சாப்பாட்டை நாலு மாதமாகத் தொட்டிக்கு ஊட்டியிருக்கிறார்.

அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினார். ஒரு வாய் உள்ளே இறங்க இரண்டு நிமிஷம் பிடித்தது. சில வாய் வெளியே வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார். வெளியே வண்டிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வாளிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தட்டு காலியாக முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அண்ணன் மறுபடி வாயைத் திறந்தார்.

டாக்டர் தட்டோடு எழுந்து சமையலறைக்கு ஓடி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். பணிப்பெண் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களைக் காட்டினாள்.

"எல்லாம் உங்க வண்டியிலதான் சார் போயிடுச்சு."

வெறும் தட்டோடு அவர் திரும்பி வந்தார். அண்ணன் இன்னும் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்.