மூக்கைத் திருப்பித் தருகிறவள்

கடைக்கு வருகிறவர்களின் கண்ணை வெர்லீன் பார்ப்பதில்லை. மூக்கைத்தான் பார்ப்பாள். கதவு மணி சிணுங்கியதும் கண்ணாடியைச் சற்று இறக்கி, வந்தவர் மூக்கை நேரே ஒரு தரம், பக்கவாட்டில் ஒரு தரம் அளந்துவிட்டுத்தான், "உக்காரு கண்ணு. யாரு போனது?" என்று கேட்பாள். நியூ ஆர்லியன்ஸில் பிராட் தெருப் பக்கம், நகம் பூசும் கடைக்கும் கோழி பொரிக்கும் கடைக்கும் நடுவே இருக்கிறது அவளுடைய சட்டைக்கடை. அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் யாரையோ பறிகொடுத்திருக்கிறார் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

போனவரின் முகத்தை நெஞ்சில் அச்சடித்த சட்டை. சவப்பெட்டிக்குப் பின்னால் சொந்தமும் சிநேகிதமும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கும். முகத்துக்கு மேலே பெயர். கீழே 'உதயம்' என்று பிறந்த நாள், 'அஸ்தமனம்' என்று இறந்த நாள். மேகம், வெள்ளைப் புறா, சொர்க்கத்துக்குப் போகும் தங்கப் படிக்கட்டு எல்லாம் வெர்லீனிடம் உண்டு. ஆனால் தானாக வைக்கமாட்டாள். படிக்கட்டு வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, "உங்க மாமாவுக்கு முட்டி வலின்னீங்களே. அவரப் போயி ஏறச் சொல்றீங்களே, நியாயமா?" என்றாள். அழுதுகொண்டு வந்தவர் சிரித்துவிட்டார். அதற்காகத்தான் சொல்வாள்.

வயது ஐம்பத்தெட்டு. கனத்த உடம்பு, சின்னக் கைகள். மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு கட்டு காகிதக் கைக்குட்டை இருக்கும். பெரியவர்கள் அழுவதற்கு என்று நினைத்தால் தப்பு. கூட வரும் பொடிசுகளுக்கு. சாவு வீட்டுக் குழந்தையை இரண்டு நாள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கும். வெர்லீன் அதை முழங்காலோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கைப் பிடித்து, "ம், சிந்து" என்பாள். எந்தக் குழந்தையும் அவளிடம் முரண்டு பிடித்ததில்லை.

போனவர் வயசாளி என்றால் அவளுக்கு வேலை சுலபம். சர்ச் படம் ஒன்று, கல்யாணப் படம் ஒன்று, அலமாரிக்குள் கண்டிப்பாக இருக்கும். சிறுசு போனால்தான் பாடு. ஆயிரம் படம் கைபேசியில் இருக்கும், ஒன்றில்கூட அசல் முகம் இருக்காது. ஃபில்டர் போட்டு எடுத்தது. நாய்க்காது வைத்தது, நட்சத்திரம் தூவியது. அதையெல்லாம் துடைத்துவிடலாம். நிறத்தை இரண்டு படி வெளுத்து, கண்ணை அகட்டி, மூக்கைப் பென்சில் மாதிரி சீவி வைத்திருக்குமே, அதைத் துடைக்க முடியாது. அடியில் ஒன்றும் இல்லை. வெர்லீன் அதற்கு 'மாவு பூசினது' என்று பெயர் வைத்திருக்கிறாள். பெற்றவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எம்புள்ள மூக்கில்லையே, மிஸ் வெர்லீன்" என்று விழிப்பார்கள். அவள் அம்மாவையோ அத்தையையோ சன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, அதே கோணத்தில் படமெடுத்து, அந்த மூக்கை எடுத்துப் பிள்ளைக்கு வைப்பாள். நிறத்தையும் உள்ளபடிக்கு இறக்குவாள். ஊரில் அவளுக்கு மூக்குக்காரி என்றே பேர்.

இத்தனை பேருக்கு மூக்கு கொடுத்தவள், தன் மகளுக்குக் கொடுக்கவில்லை.

அச்சு அழுத்தும் இயந்திரத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு சட்டை தொங்குகிறது. ஷான்ட்ரெல். இருபது வயது, நெடுஞ்சாலையில் கார் விபத்து. வருகிற ஜூன் பதினாலோடு எட்டு வருஷம். அது வெர்லீன் அடித்த முதல் சட்டை. அன்றைக்கு அவளுக்குத் தொழிலும் தெரியாது, நிதானமும் இல்லை. இணையத்தில் மகளின் பக்கத்தைத் திறந்து, எதற்கு அதிகம் பேர் இதயம் போட்டிருந்தார்களோ அந்தப் படத்தை எடுத்தாள். மாவு பூசின படம். நூற்றைம்பது சட்டை. வருஷா வருஷம் அந்த நாளில் சொந்தக்காரர்கள் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்து அவள் நினைவாகப் பலூன் பறக்கவிடுகிறார்கள். வெளுத்த நிறம் மேலும் வெளுத்து, இப்போது அது யார் முகமோ.

வேறு படம் இல்லையா என்றால், இல்லை. குழந்தைப் படங்களை ஊரையே மூழ்கடித்த பெருவெள்ளம் கொண்டுபோனது. பெரியவளான பிறகு எடுத்ததை எல்லாம் ஃபில்டர் தின்றது. மிஞ்சியது பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒன்று. பதினோரு வயசு மூக்கு இருபது வயசு மூக்கு ஆகாது. போன வாரம் ஷான்ட்ரெலின் ஒன்றுவிட்ட அக்கா கூப்பிட்டாள். "சித்தி, சட்டையெல்லாம் நைஞ்சு போச்சு. இந்தத் தடவ புதுசா அடிச்சிருவோமா?" வெர்லீன் "பாப்போம்" என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த மாவு பூசின படத்தைத் திறக்கிறாள், மூடுகிறாள்.

திங்கட்கிழமை லோரெட்டா காஸ்பார் வந்தாள். பக்கத்து அறை அடுப்பில் சிவப்பு பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. லோரெட்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அந்தச் சீருடையோடேயே வந்திருந்தாள். கூட அவள் மகளின் சிநேகிதி டீஜா. போனது மகள் நைலா, பத்தொன்பது. பிறவியிலேயே ரத்தத்தில் இருக்கும் வியாதி. வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

நைலா சமையலறையில் ஆடிப் படம் பிடித்துப் போடுகிறவள். போன வருஷம் அவள் கட்டின ஆட்டம் ஒன்று நாடெங்கும் ஓடியது. ஓடியது அவள் பேரில் இல்லை. எங்கேயோ ஓஹியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைப் பார்த்து ஆடினாள், தொலைக்காட்சிக்காரர்கள் அவளைக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள். லோரெட்டா கைபேசியை நீட்டியபோது சொன்னாள்:

"ஆட்டத்த அவ எடுத்துக்கிட்டா. முகத்த இது எடுத்துக்கிச்சு. எனக்குன்னு என்ன வெச்சிருக்காங்க, மிஸ் வெர்லீன்?"

வெர்லீன் மாவு பூசின அந்தப் படத்தைப் பார்த்தாள், லோரெட்டாவின் மூக்கைப் பார்த்தாள். அகலமான, நன்றாக உட்கார்ந்த மூக்கு. "கவலப்படாத. சரக்கு உன் மூஞ்சியிலேயே இருக்கு. சன்னல் கிட்ட உக்காரு."

டீஜா குறுக்கே வந்தாள். "வேண்டாம் ஆன்ட்டி" என்றாள். "அவளுக்கு இந்தப் படந்தான் புடிக்கும். அந்த மூக்கு அவளுக்குப் புடிக்காது."

"எந்த மூக்கு?" என்றாள் லோரெட்டா.

டீஜா தரையைப் பார்த்தாள். "ஆறாவது படிக்கறப்போ பசங்க அவள என்ன பேர் சொல்லிக் கூப்ட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் ஃபில்டர் இல்லாம அவ ஒரு படம் எடுத்ததில்ல."

லோரெட்டாவின் கை தன் மூக்குக்குப் போய், பாதி வழியில் நின்றுவிட்டது. அது அவளுடைய மூக்கல்லவா. பெற்ற பெண் பத்தொன்பது வயது வரைக்கும் அம்மாவின் முகத்தை அம்மாவுக்குத் தெரியாமல் அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதைவிடச் செத்துப் போனதையே தாங்கிவிடலாம் போலிருந்தது லோரெட்டாவுக்கு.

"சரி," என்றாள். "அவ எப்பிடி இருக்கணும்னு ஆசப்பட்டாளோ அப்பிடியே இருக்கட்டும். அதையே அடிச்சிருங்க."

வாடிக்கையாளர் சொன்னால் அடிக்க வேண்டியதுதான். அடித்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வெர்லீன் இயந்திரத்தின் பின்னால் போய், ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துவந்து லோரெட்டாவின் மடியில் வைத்தாள்.

"இது எம்மக. நானும் இதேதான் சொன்னேன். ஆசப்பட்ட மாதிரியே இருக்கட்டும்னு. இப்ப எட்டு வருஷமாச்சு. கண்ண மூடினா இந்த மூக்குதான் வருது. நான் பெத்த மூக்கு வரமாட்டேங்குது. என்ன செஞ்சும் வரமாட்டேங்குது, லோரெட்டா."

கடையில் இதுவரை யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. பீன்ஸ் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது; யாரும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க ஊருக்கெல்லாம் வெச்சுக் குடுக்கறீங்க," என்றாள் லோரெட்டா. "உங்க மகளுக்கு உங்க மூக்க வெக்கறதுக்கென்ன?"

"என் மூக்கா இருந்தா என்னிக்கோ வெச்சிருப்பேனே. அது அவங்கப்பன் மூக்கு." ரூஃபஸ் என்று பேர் சொன்னாள். பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது, டெக்சாஸில் போமான்ட்டில் இருக்கிறான். "அடக்கத்துக்கு வந்தான். சர்ச் வாசல்ல வெச்சு இந்தச் சட்டைய அவன் கையில குடுத்தேன். விரிச்சுப் பாத்தான். 'யாரு இந்தப் பொண்ணு?'ன்னு கேட்டான். அத்தன பேர் முன்னால. எம் மூஞ்சியிலயே முழிக்காதன்னு வெரட்டிட்டேன். அன்னியோட பேச்சு நின்னுச்சு."

லோரெட்டா சட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அவர் கேட்டது தப்பா?"

"சரியாத்தான் கேட்டான். அதான் பேசல."

லோரெட்டா சட்டையை மடித்துக் கொடுத்தாள். பிறகு தானே நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ச் சன்னல் பக்கம் உட்கார்ந்து, முகத்தை மகள் திருப்பியிருந்த அதே பக்கம் திருப்பினாள். "எடுங்க" என்றாள்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. மூக்கு வந்தது, நிறம் இறங்கி வந்தது, கன்னத்தில் ஃபில்டர் மழித்திருந்த சின்ன மச்சம் லோரெட்டா சொன்ன இடத்தில் வந்தது. நைலா தனக்கென்று வைத்துக்கொண்ட நீலச் சாயமுடியை வெர்லீன் தொடவில்லை. அது அந்தப் பெண் ஆசைப்பட்டது, இருக்கட்டும் என்றாள். முதல் சட்டையை அழுத்தி, ஆறவிட்டு, மேசையில் விரித்தாள். டீஜா கிட்டே வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் வெர்லீன் நினைத்தாள்.

"தூங்கறப்போ இப்பிடித்தான் இருப்பா," என்றாள் டீஜா. பிறகு அழுதாள். மேலங்கிப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வெர்லீன் அவளுக்குக் கொடுத்தாள். லோரெட்டா சட்டையைப் பையில் போட மனமில்லாமல், சீருடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் போன பிறகு வெர்லீன் கருகின பீன்ஸை மேலாக வழித்து ஒரு தட்டில் போட்டு, சாப்பிடாமல் தள்ளிவைத்தாள். கைபேசியில் ரூஃபஸின் எண்ணைத் தேடினாள். எட்டு வருஷமாக அழிக்கவில்லை. என்ன எழுதுவது? மன்னிப்பு என்ற சொல்லை அடித்தாள், அழித்தாள். நலமா என்று கேட்டாள், அதையும் அழித்தாள். கடைசியில் தொழில்காரியாகவே எழுதி அனுப்பினாள்: 'உம் மூஞ்சியப் படம் புடிச்சு அனுப்பு. கண்ணாடியக் கழட்டிட்டு. சன்னல் வெளிச்சத்துல. சிரிக்காத.'

அனுப்பிய பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். எதற்கு என்று கேட்பான், குத்திக் காட்டுவான், கேட்கட்டும், காட்டட்டும் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டாள்.

கால் மணி நேரத்தில் கைபேசி அதிர்ந்தது. ரூஃபஸ் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மூன்று படங்கள். நேராக ஒன்று, இடது பக்கம் திரும்பி ஒன்று, வலது பக்கம் திரும்பி ஒன்று. கிழவனாகிவிட்டிருந்தான், தாடி முழுக்க நரை. சவரம் செய்யாமல் எடுத்திருந்தான், ஆனால் சொன்னபடி கண்ணாடியைக் கழற்றியிருந்தான், சொன்னபடி சன்னல் பக்கம் நின்றிருந்தான்.

வெர்லீன் நேர்ப் படத்தைத் திறந்து இரண்டு விரலால் அகட்டினாள். தாடி போனது. மறுபடி அகட்டினாள். நெற்றி போனது, கண் போனது. இன்னும் ஒரு தரம். நுனியில் லேசாகப் பிளந்தாற்போல் ஒரு குழி, இடது நாசி கொஞ்சம் பெரிது. திரை முழுக்க மூக்கு மட்டும் நின்றது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை அறியாமல் கை மேலங்கிப் பைக்குள் போய்க் காகிதக் கைக்குட்டையோடு வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடித் திரையில் அந்த மூக்கின் இரண்டு பக்கமும் இறங்கி, "ம், சிந்து" என்று மெல்லப் பிடித்தன. விரல்கள் நெருங்கியதும் படம் சுருங்கி, நரைத்த கிழவனின் முழு முகமும் திரும்பி வந்துவிட்டது. வெர்லீன் மறுபடியும் அகட்டினாள்.