அக்கா போட்ட சின்ன ரயில் பாதை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. ஊரில் அவரை ‘ரயில்காரம்மா’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத் தம்பியாகிய நானே எழுதுவது முறை. அதில் என் பங்கு முழுவதும் பெருமைப்படத்தக்கதல்ல.

அக்கா இண்டூரில் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. தினமும் பஸ் ஏறித் தருமபுரி போய்ப் படித்து, அரசு அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். பணிக்காலம் முழுவதும் சாலைகளையும் பாலங்களையும் காகிதத்தில் வரைந்தவர், ஓய்வு பெற்றதும் கணவரோடு, அதாவது எங்கள் மாமாவோடு, ஊருக்கே திரும்பி எங்கள் வீட்டை ஒட்டிக் குடிவந்தார். இரண்டு வீட்டுக்கும் பின்னால் பொதுவாக ஒரு தோட்டம் இருந்தது.

“இவ்ளோ நாளா மத்தவங்க கட்டறதுக்கு வரைஞ்சேன். இப்ப நானே போடப் போறேன்” என்றார்.

ஒரு காலத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு இரண்டரை அடி அகலப் பாதையில் ரயில் ஓடியது. அதைப் பதினேழில் ஒரு பங்காகச் சுருக்கி, தண்டவாளங்களுக்கு நடுவே நாற்பத்தைந்து மில்லிமீட்டர் விட்டு, தோட்டத்தைச் சுற்றிவரத் திட்டமிட்டார். முளைக்குச்சியில் கயிறு கட்டி, கோலமாவால் வளைவுகளைப் போட்டார். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இரண்டடி வித்தியாசம். கொத்தனாரிடம் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வாங்கி, மாமாவும் அவரும் ஒரு வாரம் மட்டம் பார்த்தார்கள். மண் அணைத்து, பேபி ஜல்லி பரப்பி, பித்தளைத் தண்டவாளம் பதித்தார்கள். பெட்டிகளை மாமா தேக்குத் துண்டுகளில் செய்தார்.

பாதி முடிந்ததும் முதல் ஓட்டத்துக்குச் சொந்தங்களைக் கூப்பிட்டோம். சித்திரை வெயிலில் தண்டவாளம் நெளிந்து, பேட்டரி இன்ஜின் முதல் வளைவிலேயே சாய்ந்தது. எல்லோரும் சிரித்தோம். அக்கா குனிந்து பார்த்தார். “சூட்டுல நீளும்னு தெரிஞ்சும் இடைவெளி பத்தாம விட்டுட்டேன். தப்பு என்னுது. எல்லாரும் சாப்பிட வாங்க” என்றார். மறுநாள் காலையிலேயே கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

பிறகுதான் என் தவறு. அக்காவும் மாமாவும் ஒரு கல்யாணத்துக்குச் சேலம் போயிருந்த நாளில், டிராக்டருக்கு வழி வேண்டும் என்று பொக்லைன் வைத்துத் தோட்டத்து மண்ணைத் தள்ளினேன். பதினைந்து அடிப் பாதை நசுங்கிப்போனது. அது விளையாட்டுச் சாமான்தானே என்று அப்போது நினைத்தேன்.

சாயங்காலம் திரும்பிய அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லடா” என்றபோது குரல் உடைந்தது. அப்பா போன நாளுக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சற்று நேரத்தில் டேப்பை எடுத்து வந்தார். “டிராக்டரு எத்தன அடி அகலம்?”

“ஆறடி இருக்கும்க்கா.”

“எட்டடி விடலாம். ரெண்டு பக்கமும் கேட் போட்ருவோம். ரயில் வந்தா நீதான் நிக்கணும்.”

“இத்தனூண்டு ரயிலுக்கு டிராக்டரு நிக்கறதாக்கா?”

“சின்னதோ பெருசோ, சட்டம் ஒண்ணுதான்.”

அன்றிலிருந்து நான் நின்றேன். வேலையிலும் கூட நின்றேன். நசுங்கிய பதினைந்து அடியை என் கையாலேயே போட வைத்தார்.

தோட்டத்தின் குறுக்கே ஓடும் வாய்க்காலுக்குப் பாலமும் அதற்கப்பால் முப்பது அடியும் மீதியிருந்தபோது நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. மடியில் பலகை வைத்துப் பாலத்தை வரைந்து முடித்தார்.

“நீயும் மாமாவும் போடுங்க” என்றார்.

“என்னால முடியுமாக்கா?”

“அளந்து போட்டா யாராலயும் முடியும்.”

அதற்கடுத்த வாரம் அக்கா போய்விட்டார். அவர் வரைந்தபடியே நானும் மாமாவும் பாலம் கட்டினோம். இரண்டு முறை மட்டம் தவறியது. பிரித்து, மூன்றாவது முறை சரியாக நிறுத்தினோம். இப்போது வண்டி தோட்டத்தை முழுதாகச் சுற்றி வருகிறது.

பாலத்துக்கு இரும்புச் சட்டம் செய்து கொடுத்த நல்லம்பள்ளி வெல்டருக்கும், தருமபுரியில் அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், துக்கத்தில் கூட நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நினைவு நாளன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்டி புறப்படும். அனைவரும் இருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். பாலம் ஏறும்போது மட்டும் நான் கூடவே நடப்பேன். இதுவரை பாலம் அசைந்ததில்லை.