வாசல் வெட்டிய பிரமிடு

அந்தப் பட அட்டையில் முருங்கைக்கீரை வாடை வெகுநாள் போகவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, கையைக்கூடத் துடைக்காமல் தபால்காரரிடமிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். விளாங்குடியில் எங்களுக்கிருந்த துண்டு வயலை விட்டுவிட்டு யுத்தத்துக்குப் போன அண்ணன், எகிப்திலிருந்து அனுப்பிய பிரமிடு படம் அது. "நம்ம கோயில் 'மொட்டைக் கோபுரம்' கணக்கா இருக்குடி. சாமி இருக்கிற ஊர்லதான் எம்புள்ள இருக்கான்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, விளக்கு மாடத்தில் வைத்துவிட்டாள்.

ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு அது ராஜாக்களின் கல்லறை என்று தெரியும். சொல்ல வாய் வரவில்லை. "வாசலைக் காணோமே?" என்று அம்மா கேட்டபோது, படத்தில் தெரிவது இரண்டு பக்கம்தான் என்று பெரிய மேதாவியாக விளக்கி, நோட்டுத் தாளில் ஒரு சதுரமும் அதன் நான்கு ஓரங்களில் நான்கு முக்கோணமும் வரைந்து வெட்டி, முனைகளை ஒன்றுசேர்த்துச் சோற்றுப்பருக்கையால் ஒட்டிக் காட்டினேன். பின்பக்கத்தில் கத்தரியால் ஒரு வாசலும் வெட்டினேன். அந்தக் காகிதக் கூம்புக்கும் வெள்ளிக்கிழமைதோறும் பூ கிடைத்தது.

மறு வருஷம் சர்க்கார் கடுதாசி வந்தது. அண்ணன் அந்தத் தேசத்திலேயே இறந்துவிட்டான் என்று தபால்காரர்தான் படித்துச் சொன்னார். மூன்றாம் நாள் அம்மா மாடத்தைப் பார்த்துச் சொன்னாள். "அந்தக் கோயில் பக்கத்துலதான அடக்கம் பண்ணிருப்பாக? சாமி பாத்துக்கிரும்." அதையே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க, பொய் சொன்ன குற்றம் எனக்குத் தாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், "அது கோயில் இல்லம்மா. ராசாக்களைப் பொதைச்ச எடம். வாசல் நானா வெட்டுனது" என்று கொட்டிவிட்டேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. காகிதக் கூம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "செத்த ராசாவுக்கு அம்புட்டுக் கல்லா? எம்புள்ள தலமாட்டுல ஒரு கல்லாவது வச்சாகளோ என்னமோ" என்றாள். அன்றோடு அந்த மாடத்தில் விளக்கேற்றுவதை விட்டுவிட்டாள்.

இன்று எங்கள் வயலில் வரிசையாக வீடுகள். அட்டையும் கூம்பும் எப்போது தொலைந்தன என்றுகூட எனக்குத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன்: எகிப்தைக் கண்ணாலும் கண்டிராத மெக்சிகோ தேசத்து மக்களும் இப்படியே பிரமிடு கட்டினார்களாம், படியேறிப் போய் உச்சியில் கோயில் வைத்துச் சாமி கும்பிட்டார்களாம். அன்று வெகுநேரம் அழுதேன். உண்மை பேசுகிறேன் பேர்வழி என்று, அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கியவள் நான். அம்மா நினைத்தது அப்படியொன்றும் தப்பில்லை என்று ஓடிப்போய்ச் சொல்ல, இப்போது அம்மா இல்லை.