எலிகியாவின் இமைத்தையல்

பிலிப்பைன்ஸில் எங்கள் இலோகோஸ் பக்கத்தில் சாவு விழுந்தால், சவப்பெட்டிக்குச் சொல்லுமுன் எலிகியாவைக் கூப்பிட ஆள் போகும். அவள் ஒப்பாரிக்காரி. குரல் சுமார்தான். ஆனால் வயதாக ஆகக் கீழிமை இரண்டும் வெளிப்புறமாக மடிந்து தொங்கிவிட்டதால், சிவந்த கண்களிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். யார் செத்தாலும் இப்படி உருகுகிறாளே என்று ஊர் மெச்சியது. சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும்போதும் அவள் அப்படித்தான் உருகினாள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எரிச்சல் தாங்காமல் அவள் புரண்டு புரண்டு படுப்பது கணவன் நாத்தோவுக்கு மட்டுமே தெரியும். இலவசக் கண் முகாம் வந்ததும் அவளைப் பிடித்து இழுத்துப்போனான்.

"கண்ணு காஞ்சா என்னை எவன்யா கூப்பிடுவான்?"

"கூப்பிடாட்டிப் போறான். ஊர்ப் பொணத்துக்கெல்லாம் உன் கண்ணை நானா துடைச்சுக்கிட்டு இருக்கணும்?"

டாக்டர் தொய்ந்த இமைகளைக் கடைக்கண் பக்கமாக இழுத்து இறுக்கித் தைத்தார். புண் ஆறியது. எலிகியா பல வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த சாவில் அதே பாட்டை அதே ராகத்தில் பாடினாள். கண் வறண்டு கிடந்தது. இறந்தவரின் மகள் வலேரியா காப்பியை நீட்டும்போதே முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா கண்ணை நல்லாக்கிட்டாங்க. மனசத்தான் எடுத்துட்டாங்க போல."

அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. அதோடு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எந்தப் பிணத்துக்கும் அவள் மனதார அழுததில்லை என்பது நிஜம்தான். அது வெளியே தெரிந்துபோனதுதான் பெரிய அவமானம். தான் கல்நெஞ்சக்காரி இல்லை என்று ஊருக்குக் காட்ட ஒரே ஒரு சாவு கிடைத்தால் போதும் என்று தவித்தாள்.

மழைக்காலத்தில் நாத்தோ காய்ச்சலில் போய்விட்டான்.

இவள் எப்படிப் பாடுகிறாள் பார்ப்போம் என்று ஊரே வந்து உட்கார்ந்தது. எலிகியா பெட்டியருகே வாயைத் திறந்தாள். ஒரு வரிகூட வரவில்லை. ஊரான் பெயரையெல்லாம் கூவி அழைத்தவளால் புருஷன் பெயரை மட்டும் சொல்ல முடியவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலேரியா குனிந்து பார்த்தாள். உண்மையிலேயே இரக்கப்பட்டுத் தோளைத் தொட்டாள்.

"ஐயோ பாவம், தையல் விட்டுப்போச்சு போலக்கா. அடுத்த முகாமுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."