கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு குரல்

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். என் நாத்தனார் பொய் சொல்கிற ஆள் இல்லை. இது அவளுக்கு நடந்தது.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் அவளுக்கு வேலை. நோயாளி வீடு திரும்பினாலோ, இறந்துபோனாலோ, கேஸ் ஃபைல் அவள் மேஜைக்கு வரும். படித்துப் பார்த்து நோய்க்குரிய குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமி என்றால், அதற்குத் தனியாக இன்னொரு குறியீடு. கூட இருந்தவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போய்விட்டார்கள். வீட்டிலும் ஆளில்லாததால் இவள் மட்டும் வந்துகொண்டிருந்தாள். பேச்சுத்துணைக்கு ஃபேன் சத்தம்தான்.

ஒரு மத்தியானம் இன்டர்காம் அடித்தது. வயதான பெண் குரல்.

"தனி ரூம்லேருந்து பேசறேன்மா. ஒட்டிக்கும்னு பயந்து யாரும் கிட்ட வர்றதில்ல. கொஞ்ச நேரம் பேசிட்டிரேன்."

பாவமாக இருந்தது. பேசினாள். மறுநாளும் அடித்தது. அதற்கடுத்த நாளும். அந்த மணிச்சத்தத்துக்கு இவளே காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. தனி அறைகள் இருக்கும் வார்டில் மெஷின்கள் ஓயாமல் அலறும். ஃபோனிலோ... ஒரு சத்தமும் இல்லை. அந்த அம்மா மூச்சு விடுகிற சத்தம்கூட.

ஒருநாள் அந்த அம்மா சொன்னாள்: "சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவே இல்லையே நீ. சாப்பிடும்மா."

டப்பா மேஜையில் மூடியபடி இருந்தது. இவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"என் பையன் கண்ணாடிக்கு வெளியிலயே நிக்கறான். எனக்குக் கோபமில்லன்னு சொல்லிடு."

மறுநாள் காலை, மேஜையில் ஒரு ஃபைல். வயதான பெண். தனி அறை. ரத்தத்தில் கிருமி. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. விடியற்காலையில் மரணம்.

முதல் குறியீட்டைப் பதிந்தாள். இரண்டாவது...

டிரிங்.

"ரெண்டாவதையும் போட்டுட்டியாம்மா?"

ஃபோன் நழுவியது. அந்தத் தனி அறைக்கு ஓடினாள்.

கண்ணாடிக் கதவு. உள்ளே வெறும் கட்டில். வெளியே ஒருவன், நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தியபடி.

"உங்கம்மா... உங்க மேல கோபமில்லன்னு சொன்னாங்க. தினமும் என்கிட்ட ஃபோன்ல பேசுவாங்க."

திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மாவுக்குப் பேச்சு வராதுங்க. பிறந்ததிலேருந்தே."

அவன் நகரவில்லை. வெறும் கட்டிலைப் பார்த்தபடியே கேட்டான்.

"குரல்... எப்படி இருந்துச்சு?"