இரண்டு ரிசீவர்கள்

மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் என் மேசைமேல் இரண்டு தொலைபேசிகள். ஒன்று இராணுவ முகாமுக்கு, மற்றது கடற்படைக்கு. ஒரே ஊரில் இருந்தும் ஒருவர் வயர்லெஸ் மற்றவருக்குக் கேளாது. நேரே கதைப்பதென்றால் கொழும்பைச் சுற்றித்தான் வர வேண்டும். கொட்டியாரக் குடாவில் படகு வர இராணுவம் அனுமதி தரும். அதைக் கடற்படைக்குச் சொல்வது நான். இரண்டு பக்கத்து முறைப்பும் எனக்குத்தான்.

அன்று படகில் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவள் எங்கள் கந்தோர்ப் பியோனின் மனைவி. நிறைமாதம், உடம்பு சரியில்லை. குடாவின் அக்கரையில், கட்டைபறிச்சானில் இருந்து மருத்துவிச்சி எழுதியனுப்பிய துண்டை மூதூரில் ஒருவர் போனில் வாசித்தார்: நாலு மணிக்குப் படகு, ஓட்டியோடு மூன்று பேர். அப்படியே இரு பக்கமும் சொன்னேன்.

நாலரைக்குக் கடற்படை அதிகாரி எடுத்தார். எந்தப் படகும் வெளிக்கிடவில்லை, அனுமதி முடிந்தது, இனி வந்தால் சுடுவோம் என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி முன்னே தள்ளிய பிறகும், போராளிகள் வைத்திருந்த அக்கரையில் பழைய நேரந்தான். அவர்களுடைய நாலு, எங்களுடைய நாலரை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், நான் கேட்க மறந்துவிட்டேன்.

"படகு இப்ப வெளிக்கிட்டிருக்கும், என்ன அக்கா?" என்றார் பியோன்.

"ஓம்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

நான் கேட்டதும் இராணுவம் நேரத்தை நீட்டியது. கடற்படையோ என் சொல்லை நம்பாது, அனுமதி கொடுத்தவரின் குரலே வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு ரிசீவர்களையும் எடுத்து, ஒன்றின் காதை மற்றதன் வாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். இருவரும் சிங்களத்தில் கத்திக் கதைத்தார்கள். ரோந்துப் படகு போய்ப் பார்க்கும்வரை வைக்க வேண்டாம் என்றார்கள். காத்திருந்த நேரத்தில் ஒருவரையொருவர் எந்த ஊர் என்று விசாரித்தார்கள். பாவம், அவர்களும் வீட்டை விட்டு வந்தவர்கள். கை கடுத்தது, நான் விடவில்லை.

கடைசியில் கடற்படைக் குரலின் தொனி மாறியது. பட்டியலில் மூன்று பேர், படகில் நாலு பேர் என்றது.

நாலாவது ஆள் யார் என்று இராணுவக் குரல் என்னைக் கேட்டது. கடற்படை ரிசீவரில், ரோந்துப் படகின் வயர்லெஸ் இரைச்சலுக்குள் மெல்லியதாய் ஓர் அழுகை கேட்டது.

பியோன் என் கையில் இருந்த இராணுவ ரிசீவரை வாங்கினார். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "என்ர பிள்ளை, சேர்" என்றார்.